அப்பாட லெப்டொப் வின்டோஸ் 11க்குப் போகாதாம், புதுசு வாங்கிறதோ இருக்கிறதை வச்சு இழுக்கிறதோ?

இராமகிருஷ்ணா றோட் காரன் | ஜனவரி 10, 2026, இரவு 9.42

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுமையா வாசியுங்கோ.

நான் வெள்ளவத்தையில அப்பா அம்மாவோட இருக்கிறன். அப்பாட்ட ஒரு லெப்டொப் இருக்கு, 2017ல நான் முதல் முதல் வேலைக்குப் போன நேரம் வாங்கிக் குடுத்தது. ஐ5 7200யூ, 4 ஜிபி ரேம், பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க். அப்பா ரிட்டயர்ட் வாத்தியார், இப்ப பதினைஞ்சு வருசமா தெரிஞ்ச ஆக்களுக்கு 31ஆம் நாள் நினைவு மலர் டைப் பண்ணிக் குடுக்கிறதுதான் வேலை. தேவாரம், திருப்பல்லாண்டு, வம்ச வரலாறு, நன்றி நவிலல் எண்டு எல்லாம் அவரே அடிச்சு, அடுக்கி, அச்சகத்துக்கு அனுப்புவார். காசுக்கெண்டு செய்யிறேல்ல, ஆனா ஆக்கள் விடமாட்டினம், ஒரு என்வலப்பை மேசையில வச்சிட்டுப் போவினம்.

போன கிழமை ஸ்கிரீன் முழுக்க ஒரு அறிவிப்பு வந்திருக்கு, வின்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சுது எண்டு. அப்பா அதை வைரஸ் எண்டு நினைச்சு பிளக்கைப் புடுங்கிப் போட்டு எனக்கு ஒபிசுக்கு கோல் எடுக்கிறார். வந்து பாத்தன், மைக்ரோசொஃப்டின்ர அறிவிப்புதான். 11 போடுவம் எண்டு செக் பண்ணினா புரொசசர் சரிவராதாம். பம்பலப்பிட்டியில ஒரு கடைக்குக் கொண்டுபோனன் (பேர் வேண்டாம்), பொடியன் மூடியைத் திறந்தும் பாக்கேல்ல, ஸ்டிக்கரைப் பாத்திட்டு "இது இனிக் குப்பை அண்ணே" எண்டான், அடுத்த நிமிசம் புதுசின்ர விலை சொன்னான், நான் தண்ணி குடிச்சிட்டு வந்திட்டன்.

லெப்டொப் ஸ்லோதான், ஆனா வேலை செய்யுது. டச்பேட்டின்ர இடது பக்கம் கிளிக் ஆகாது, அதால அப்பா மவுஸ் பாவிக்கிறார். வேற பிரச்சினை இல்ல.

கேள்வி இதுதான்: புதுசு வாங்கவோ, ரேம் கூட்டவோ, அப்பிடியே விடவோ? முக்கியம்: அப்பா தமிழை பாமினியில மட்டும்தான் அடிப்பார். 74 வயசு. வேற கீபோர்ட் பழக்கிறது எண்ட கதையே வேண்டாம்.

சும்மா ஒருத்தன் | ஜனவரி 10, இரவு 9.58

9 வருசம் உழைச்ச மெசின், போதும். புதுசு வாங்குங்க ப்ரோ. இந்தக் கேள்விக்கு ஒரு இழை தேவையா.

ஜிந்துப்பிட்டி ஜீவா | ஜனவரி 10, இரவு 10.10

மேல உள்ளவரே, நீங்க காசு அனுப்புறீங்களா? அனுப்புறதா இருந்தா எனக்கும் ஒன்னு.

@இராமகிருஷ்ணா றோட், விஷயம் இதுதான். வின்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது. முடிஞ்சுதுன்னா மெசின் நின்னுடும்னு அர்த்தம் இல்ல, மாசா மாசம் வர்ற செக்யூரிட்டி அப்டேட் வராது, அவ்வளவுதான். 11க்கு மைக்ரோசொஃப்ட் கேக்குறது டிபிஎம் 2.0னு ஒரு பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட்னு ஒன் ஆகுற நேரத்துப் பாதுகாப்பு, 4 ஜிபி ரேம், அதோட இன்டெல்னா 8வது ஜெனரேஷன்ல இருந்து. உங்கட 7200யூ 7வது. ஒரு படி கீழ நின்னு மாட்டிக்கிட்டீங்க. 7வதுலயும் ஒரு சிலதை மட்டும் உள்ள விட்டாங்க, உங்கடது அதுல இல்ல.

என்னோட மெசின் 6வது ஜெனரேஷன், ரூஃபஸ்னு ஒரு சின்ன சொப்ட்வெயார் இருக்கு, அதுல பென் டிரைவ் செஞ்சா அந்தச் செக்கிங் எல்லாம் தாண்டி 11 ஏறிடும். நான் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஓடுது. ஆனா மைக்ரோசொஃப்ட் தெளிவா சொல்லியிருக்கு, இப்படிப் போட்டா அப்டேட்டுக்கு உத்தரவாதம் இல்லன்னு. மாசாந்த அப்டேட் எனக்கு வருது, வருஷத்துக்கு ஒருக்கா வர்ற பெரிய வேர்ஷன் தானா வரல்ல, திரும்பப் பென் டிரைவ் செஞ்சுதான் ஏத்தினேன். எனக்குச் சரி, வயசான ஆளுக்கு சரிவருமான்னு நீங்களே யோசிங்க.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 10, இரவு 10.31

ரூஃபஸ், கீஃபஸ் எல்லாம் பிறகு. முதல்ல ஓசியில கிடைக்கிறதை எடுங்கோ.

வின்டோஸ் 10க்கு இன்னும் ஒரு வருசம், 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் எடுக்கலாம், இஎஸ்யூ எண்டு சொல்லுறது. 30 டொலர் கட்டலாம், இண்டைய ரேட்டுக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல வரும். ஆனா கட்டத் தேவையில்ல, மைக்ரோசொஃப்ட் அக்கவுண்டால உள்ளுக்குப் போய் செட்டிங்ஸ் பேக்கப்பை ஒன் பண்ணினா சும்மா தாறாங்கள். மைக்ரோசொஃப்ட் ரிவோர்ட்ஸ் பொயின்ட் 1000 இருந்தா அதாலயும் எடுக்கலாம். வழி: செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, வின்டோஸ் அப்டேட், அதில வலது பக்கமோ கீழயோ "என்ரோல் நவ்" எண்டு கிடக்கும். அது தெரியேல்லை எண்டா 22எச்2 வேர்ஷன் இல்லாமல் இருக்கும், வின்டோஸ் பட்டனும் ஆர் எழுத்தும் சேத்து அமத்தி "வின்வர்" எண்டு அடிச்சுப் பாருங்கோ, பழசு எண்டா முதல் அதை ஏத்த வேணும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பேக்கப் ஒன் பண்ணேக்க டொகியுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாத்தையும் வன்டிரைவுக்கு (மைக்ரோசொஃப்டின்ர ஒன்லைன் சேமிப்பு) தூக்கட்டோ எண்டு கேக்கும், சும்மா தாறது 5 ஜிபிதான், நிரம்பினவுடன காசு கட்டு காசு கட்டு எண்டு அரிக்கும். செட்டிங்ஸை மட்டும் விட்டிட்டு மிச்சத்தை ஓஃப் பண்ணுங்கோ. என்ர மாமா ஒருத்தர் எல்லாத்தையும் ஓம் ஓம் எண்டு அமத்தி, கலியாண வீட்டு வீடியோ எல்லாம் மேல போய், டேட்டா பக்கேஜ் ஒரே இரவில முடிஞ்சு, அடுத்த நாள் காலமை வைஃபையில பிழை எண்டு கம்பனிக்காரனோட சண்டை.

தூரத்துச் சித்தப்பா | ஜனவரி 10, இரவு 11.15

இங்க பிரான்ஸில எங்களுக்கு அந்த பேக்கப் நிபந்தனையும் இல்ல. ஐரோப்பாவில இருக்கிற நுகர்வோர் அமைப்பொண்டு இது சட்டத்துக்குச் சரியில்ல எண்டு மைக்ரோசொஃப்டுக்கு எழுதப்போய், ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு மட்டும் சும்மா குடுக்கிறம் எண்டிட்டினம். அக்கவுண்டால இடைக்கிடை உள்ளுக்குப் போய்க்கொண்டிருந்தாச் சரி. கொழும்பில அப்பிடிக் கேக்க ஒரு ஆளும் இல்லை, என்ன செய்யிறது.

சும்மா ஒருத்தன் | ஜனவரி 10, இரவு 11.20

ஒரு வருசம் தள்ளிப்போட்டு அடுத்த அக்டோபர்ல இதே இழையைத் திரும்பத் திறப்பீங்க. அப்பவும் வாங்கத்தான் வேணும், அப்ப விலை இன்னும் கூட இருக்கும், எழுதி வைங்க.

மருதானை மெக்கானிக் | ஜனவரி 11, காலை 7.05

மேல ஒருத்தன் சும்மா சொன்னாலும் விலையப் பத்தி சொன்னது சரி. அதுக்கு முந்தி ஒரு விஷயம், இதை யாருமே கேக்கல்ல.

தம்பி, டச்பேட் இடது பக்கம் கிளிக் ஆகாதுன்னு சொன்னீங்க தானே. இப்பவே லெப்டொப்பை ஓஃப் செஞ்சி, சார்ஜரக் கழட்டி, கண்ணாடி மேசையில வெச்சிப் பாருங்க. நாலு மூலையும் பதியுதா, ஆடுதா? டச்பேட்டுக்கு மேலால ஒரு பழைய பேங்க் கார்ட்டை நேரா வெச்சிப் பாருங்க, நடுவுல உயர்ந்து ஈக்குதா?

இராமகிருஷ்ணா றோட் காரன் | ஜனவரி 11, காலை 7.40

ஆடுது நானா. ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிக்குது. கார்ட் வச்சா ரெண்டு பக்கமும் வெளிச்சம் தெரியுது. அப்பா அடியில ஒரு பேப்பரை நாலா மடிச்சு வச்சிருக்கிறார், மேசை சரியில்ல எண்டு நினைச்சாராம்!!

மருதானை மெக்கானிக் | ஜனவரி 11, காலை 7.48

பற்றரி வீங்கியீக்கி. இனி சார்ஜ் போட வேணாம், ஒன் செய்யவும் வேணாம், கட்டில்ல மெத்தையில வெக்க வேணாம். திறந்து நீங்களே நெம்பவும் வேணாம், ஓட்டை போட்டா நெருப்பு. எந்நேரமும் பிளக்ல போட்டு நூறுல வெச்சிக்கிட்டே பாவிக்கிற மெசினுக்கு இது சாதாரணமா வாறது, அதுவும் கொழும்பு சூட்டுக்கு. உள்ளுக்கு கேஸ் சேர்ந்து பை மாதிரி ஊதும், ஊதி டச்பேட்டக் கீழால தள்ளும், அதான் கிளிக் ஆகல்ல. வின்டோஸ் 10 முடிஞ்சதால ஒரு ஆளும் சாகப் போறதில்ல, இதுதான் ஆபத்து.

அந்தக் கடைப் பொடியன் கையில தூக்கியிருந்தாலே தெரிஞ்சிருக்கும். ஸ்டிக்கரப் பாத்து வைத்தியம் சொல்ற ஆக்கள்.

பழைய பற்றரிய குப்பை லொறிக்குப் போட்டுடாதீங்க, லொறி அமத்துற நேரம் பத்தும். கழட்டுற கடையிலயே குடுங்க.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 11, காலை 8.15

ஐயோ கடவுளே. பேப்பரை நாலா மடிச்சு வச்ச அப்பா. எங்கட வீட்டு அப்பாக்கள் எல்லாரும் ஒரே அச்சு.

இராமகிருஷ்ணா றோட் காரன் | ஜனவரி 11, காலை 9.02

ஓஃப் பண்ணி பல்கனித் தரையில, நிழலில வச்சிருக்கிறன். அப்பா அதைச் சுத்திச் சுத்தி நடக்கிறார். ஒரு மலர் பாதியில நிக்குது, ஆக்கள் 22ஆம் திகதி கேக்கினம்.

நானா, ரேம் விலை என்ன கதை? போன வருசம் நடுப்பகுதியில தங்கச்சிட லெப்டொப்புக்கு 8 ஜிபி போட்டன், இப்ப அதே சாமானுக்கு அதே கடையில ரெண்டு மடங்குக்கு மேல சொல்லுறாங்கள். டொலர் அப்பிடி ஏறேல்லையே. வற் 18 வீதம் எண்டு காரணம் சொல்லுறான், அது 2024 ஜனவரியில வந்த கதை, புதுசில்ல.

பென்குயின் பித்தன் | ஜனவரி 11, காலை 10.26

டொலரும் இல்ல, வற்றும் இல்ல, இது ஏஐ செய்யிற வேலை. கொஞ்சம் விளக்கமா சொல்லுறன், தெரிஞ்ச ஆக்கள் தாண்டிப் போங்கோ.

உலகத்தில ரேம் சிப் செய்யிறது பெரும்பாலும் மூண்டு கம்பனிதான், சம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன். ஏஐ டேட்டா சென்டருக்குப் போற கார்டுகளில எச்பிஎம் எண்டு ஒரு வகை மெமரி வேணும், சிப்புகளை ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கிச் செய்யிறது. அதே அளவு மெமரிக்கு சாதாரண டிடிஆர்5 ரேமுக்குத் தேவைப்படுறதைப் போல மூண்டு மடங்கு சிலிக்கன் தகடு எச்பிஎம்முக்குப் போகுது எண்டு மைக்ரோனே சொல்லியிருக்கு. லாபமும் அங்கதான் கூட. பிறகு யார் உங்கட அப்பாட லெப்டொப்புக்கு ரேம் செய்யப்போறான்? பேக்கரிக்காரன் ஒருத்தன் கலியாண கேக் ஓடர் நிரம்பி வழியுது எண்டு றோஸ் பாண் போடுறதைக் குறைச்சா பாண் விலைக்கு என்ன நடக்கும், அதுதான் இதுவும்.

2025 டிசம்பர் 3ஆம் திகதி மைக்ரோன் அறிவிச்சுது, குருஷல் எண்ட பேரில எங்களை மாதிரி சாதாரண ஆக்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் (சுத்தாத வேகமான டிஸ்க்) விக்கிறதை நிப்பாட்டப் போறம் எண்டு. பெப்ரவரி வரைக்கும்தான் சாமான் அனுப்புமாம். கிட்டத்தட்ட முப்பது வருசப் பேர். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில குருஷல் பெட்டி தொங்காத கடையை நான் கண்டதில்ல, இனி அது இல்ல.

டிடிஆர்4, அதுக்கு முந்தின வகை ரேம், இன்னும் மோசம். அது ஏற்கெனவே நிப்பாட்டிக்கொண்டு வந்த சாமான், இருக்கிற ஸ்டொக்குக்கு ஆக்கள் அடிபடுகினம். புது லெப்டொப் விலையிலயும் இது ஏறும், ஏனெண்டா அதுக்குள்ளயும் இதே ரேம்தான். அதால இப்ப புதுசு வாங்கு எண்டு சொல்லுற ஆக்களுக்கு ஒரு கும்பிடு.

சும்மா ஒருத்தன் | ஜனவரி 11, காலை 10.50

இன்னும் ஏறும்னு நீங்களே சொல்றீங்க, அப்ப இப்ப வாங்குறதுதானே புத்தி? உங்க கணக்குப்படியே.

பென்குயின் பித்தன் | ஜனவரி 11, காலை 11.04

தேவைப்பட்டா வாங்கலாம். கேள்வி தேவையா எண்டதுதான். வேர்ட்ல தேவாரம் அடிக்கிறதுக்கு எதுக்கு 16 ஜிபி.

மருதானை மெக்கானிக் | ஜனவரி 11, பகல் 12.30

புது ரேம் வாங்க வேணாம் தம்பி. என்னக்கிட்ட ஸ்கிரீன் உடைஞ்சி, போர்ட் செத்து வந்த மெசின்ட கழட்டின ரேம் ஈக்கி, 8 ஜிபி டிடிஆர்4. ரேம் லேசில பழுதாகாது, டெஸ்ட் செஞ்சி தாரன். ஆனா முதல்ல உங்கடது டிடிஆர்4ஆ டிடிஆர்3எல்லான்னு பாக்கோணும், 7வது ஜெனரேஷன்ல ரெண்டும் வந்தீக்கி, வெட்டு ஈக்குற இடம் வேற, ஒண்டுக்கு ஒண்டு போகாது. ஹார்ட் டிஸ்க்கக் கழட்டி எஸ்எஸ்டி போட்டாலே பாதி நோய் போகும், ரேமவிட அதுதான் முக்கியம். பழைய டிஸ்க்க வீசிடாதீங்க, வாப்பாட 15 வருசம் அதுக்குள்ள.

எல்லாருக்கும் ஒரு சொல்லு, இப்ப செகண்ட் ஹேண்ட் வாங்குற ஆக்களுக்கு. நவம்பர் கடைசி புயல் வெள்ளத்துக்குப் பொறவு தண்ணி பட்ட மெசின் கன சந்தைக்கு வந்தீக்கி. கழுவி, காய வெச்சி, சூடு காட்டி, ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறாங்க, ஒரு மாசம் ஓடும். வாங்க முந்தி அடி ஸ்க்ரூவப் பாருங்க, தலையில துருப் பிடிச்சிருந்தா வாணாம். யூஎஸ்பி ஓட்டைக்குள்ள டோர்ச் அடிங்க, மண் நிறம் தெரிஞ்சா வாணாம். கீல் திறக்குற நேரம் நறநறன்னு மண் சத்தம் கேட்டா கடைக்காரன்ட முகத்தையும் பாக்காம வாங்க.

கொலன்னாவ பக்கம் ஒரு பிள்ளை, ஏ லெவல் எடுக்கிற பிள்ளை, அப்பிடி ஒண்டு வாங்கி என்னக்கிட்ட கொண்டு வந்திச்சி. திறந்தா விசிறிக்குள்ள காஞ்ச சேறு. காசு திருப்பித் தரமாட்டன்னு கடைக்காரன்.

ஜிந்துப்பிட்டி ஜீவா | ஜனவரி 11, பகல் 1.12

நானா சொன்னது தங்கம். இதை ஒரு தனி இழையாப் போட்டு மேல பின் பண்ணச் சொல்லுங்க யாராவது.

பென்குயின் பித்தன் | ஜனவரி 11, மாலை 4.45

சரி, இப்ப என்ர முறை. திட்டுறவை திட்டுங்கோ.

வின்டோசுக்குப் பதிலா லினக்ஸ் போடுங்கோ. அதில மின்ட் எண்டு ஒரு வகை, அதின்ர 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் வரும், காசில்ல, 7200யூவில பஞ்சு மாதிரி ஓடும். வின்டோஸ் மாதிரியே முகம் வேணும் எண்டா ஸோரின் எண்ட லினக்ஸ் இருக்கு, அதின்ர 18ஆவது வேர்ஷனை வின்டோஸ் 10 முடிஞ்ச அதே அக்டோபர் 14ஆம் திகதி வெளியிட்டாங்கள், குசும்புதான்.

இனி பாமினி. நிறையப் பேர் பாமினி எண்டா ஒரு எழுத்துரு எண்டு நினைக்கினம், அதில ரெண்டு விசயம் இருக்கு. ஒண்டு, எழுத்துரு: கொம்பியூட்டரைப் பொறுத்தவரைக்கும் அங்க இருக்கிறது இங்கிலிஷ் எழுத்துதான், ஜே, கே, பி, ஓ, பிறகு செமிகோலன் எண்டு அடிச்சா திரையில "தமிழ்" எண்டு தெரியும், ஏனெண்டா எழுத்துரு அந்த இங்கிலிஷ் எழுத்துகளுக்கு மேல தமிழ் முகமூடி போட்டிருக்கு. எழுத்துருவைக் கழட்டினா முகமூடி கழண்டிடும், அதுதான் வட்ஸ்அப்பில கொப்பி பண்ணினா கண்டபடி வாறது. ரெண்டாவது, விரல் பழக்கம்: எந்த எழுத்து எந்தக் கட்டையில எண்டது. உங்கட அப்பாட்ட இருக்கிற சொத்து இந்த ரெண்டாவதுதான், முதலாவதில்ல.

அந்த விரல் பழக்கத்துக்குப் பேர் ரெங்கநாதன் கீபோர்ட், தட்டச்சு மெசின் காலத்து அடுக்கு, இலங்கையின்ர எஸ்எல்எஸ் 1326 தமிழ் நியமத்திலயும் அதுதான் இருக்கு. லினக்ஸில ஐபஸ் எம்17என் எண்ட பொதியைப் போட்டா தமிழ்ப் பட்டியலில "எல்கே ரெங்கநாதன்" எண்டே இருக்கு, "எல்கே" எண்டா லங்காதான். யாரோ ஒரு புண்ணியவான் எங்கட நாட்டுக்கெண்டே செஞ்சு வச்சிருக்கிறான். அதைத் தெரிவு செஞ்சா அப்பா அடிக்கிறபடியே அடிக்கலாம், திரையில வாறது யுனிகோட், எல்லா மெசினுக்கும் பொதுவான எழுத்து முறை. வட்ஸ்அப், ஈமெயில், எங்க போட்டாலும் உடையாது.

பழைய பாமினி ஃபைலுகளும் திறக்கும். எழுத்துரு ஃபைலை ஹோமுக்குள்ள எழுத்துரு ஃபோல்டரில கொப்பி பண்ணி விட்டாச் சரி, லிப்ரே ஒபிசில வடிவாத் தெரியும்.

ஏத்த முந்தி பென் டிரைவில இருந்தே ஓட்டிப் பாக்கலாம், டிஸ்க்கைத் தொடாது. அப்பாவுக்குப் பிடிக்கேல்லையோ, பென் டிரைவைக் கழட்டி விடுங்கோ, ஒண்டும் நடக்காத மாதிரி வின்டோஸ் வரும்.

இராமகிருஷ்ணா றோட் காரன் | ஜனவரி 11, இரவு 7.20

இப்பிடி ஒரு சாமான் இருக்கெண்டே தெரியாது, நன்றி. ஆனா ஒரு சிக்கல். அச்சகக்காரர் கேக்கிறது பேஜ்மேக்கர் (பக்கம் அடுக்கிற பழைய சொப்ட்வெயார்) ஃபைல். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு சின்ன அச்சகம், ஐயா வருசக்கணக்கா அதிலதான் வேலை செய்யிறார். யுனிகோடில குடுத்தா கட்டம் கட்டமா வருது எண்டு திருப்பி அனுப்பிடுவார்.

ஜிந்துப்பிட்டி ஜீவா | ஜனவரி 11, இரவு 7.44

ஹா ஹா, எங்க ஏரியா. எனக்குத் தெரிஞ்ச மூணு அச்சகத்துல ரெண்டுல இன்னும் பேஜ்மேக்கர்தான். 2000ங்களோட தொடக்கத்துலயே புது வேர்ஷன் நின்னுபோன சாமான், யுனிகோட்னா என்னன்னே அதுக்குத் தெரியாது. அந்த மெசின் நெட்டுக்கும் போடமாட்டாங்க, வின்டோஸ் எக்ஸ்பியோ 7ஓ ஓடும், மேல சாமிப் படம், ஊதுபத்தி.

பிடிஎஃப்பா குடுங்கன்னு சொல்லலாம், பிடிஎஃப்ல எழுத்துரு உள்ளயே வந்துடும், அச்சடிக்க அது போதும். ஆனா ஐயா ஏன் பேஜ்மேக்கர் கேக்குறார்னு எனக்குத் தெரியும். இரவு பதினொரு மணிக்கு ஒரு கோல் வரும், "எங்கட சின்ன மாமிட மருமகன்ட பேரை விட்டுட்டீங்க"ன்னு. அப்ப அவர் கையால திருத்தணும், பிடிஎஃப்ல அது நடக்காது.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 11, இரவு 8.03

இது நூற்றுக்கு நூறு உண்மை. எங்கட பெரியப்பாட மலரில ஒரு பக்கத்துச் சொந்தம் முழுக்க விடுபட்டு, இண்டைக்கும் அந்த வீட்டோட கதை இல்லை. 2014.

சரி என்ர கணக்கு: வின்டோஸ் 10 இருக்கட்டும், இஎஸ்யூ எடுங்கோ, பேஜ்மேக்கர் வேலை அதில. பக்கத்தில லினக்ஸையும் பழகட்டும். ஒரேயடியா வெட்டத் தேவையில்ல. பேங்க் வேலை, கரண்ட் பில் எல்லாம் அதில செய்யிறாரோ?

இராமகிருஷ்ணா றோட் காரன் | ஜனவரி 11, இரவு 8.11

பேங்க் போனில நான் செய்யிறன். அப்பா ஈமெயில், யூடியூப்பில சொற்பொழிவு, வேர்ட். ஒபிஸ் 2007, லைசென்ஸ் பற்றிக் கேக்காதேங்கோ அக்கா.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 11, இரவு 8.14

கேக்கேல்லை. 2016உம் 2019உமே அதே அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, 2007க்கு எப்பவோ எட்டுச் செலவும் அந்தியேட்டியும் செஞ்சாச்சு. ஈமெயிலில வாற வேர்ட் ஃபைலை அதில திறக்க விடாதேங்கோ, அதால வாறதுதான் வைரஸ். லிப்ரே ஒபிஸை வின்டோசிலயும் போடலாம், சும்மா தாறது, அதில திறக்கச் சொல்லுங்கோ.

சும்மா ஒருத்தன் | ஜனவரி 11, இரவு 9.30

ரெண்டு ஓஎஸ், ரெண்டு கீபோர்ட், ரெண்டு ஒபிஸ். 74 வயசு ஆளுக்கு. நல்லா இருங்க எல்லாரும்.

தூரத்துச் சித்தப்பா | ஜனவரி 11, இரவு 11.52

தம்பி ஒருத்தன், உமக்கு வயசு என்ன எண்டு தெரியாது. எனக்கு 68. போன வருசம் மின்ட் போட்டன், மகன் வந்து செய்து தந்தவன், அதுக்குப் பிறகு அவனைக் கூப்பிட்டது ரெண்டு தரம், ரெண்டும் பிரிண்டருக்கு. வின்டோசில கிழமைக்கு ரெண்டு தரம் கூப்பிட்டனான்.

இராமகிருஷ்ணா றோட் காரன் | ஜனவரி 15, மாலை 5.18

பொங்கல் வாழ்த்துகள். அப்டேட் சொல்லுறன்.

திங்கள் வேலை முடிஞ்சு மருதானைக்குக் கொண்டுபோனன், மெக்கானிக் நானாவைக் கண்டன். அடி மூடியைக் கழட்டேக்க ஸ்க்ரூ எல்லாம் கழண்ட பிறகும் மூடி தானா ஒரு பக்கம் எழும்பிச்சுது, உள்ளுக்க பற்றரி சின்னத் தலகணி மாதிரி. மூண்டு அறை, நடு அறைதான் கூட ஊதினது, மேல வெள்ளி உறை இழுபட்டுப் பளபள எண்டு நிக்குது. நானா பிளாஸ்டிக் அட்டை ஒண்டாலதான் நெம்பினார், கத்தி எடுக்கேல்ல, எடுத்துக் கொண்டுபோய் வெளியில ஒரு மண் வாளிக்குள்ள வச்சார். பேந்து டச்பேட்டை அமத்தினார், டிக் எண்டிச்சு. எத்தினை வருசத்துக்குப் பிறகு கேக்கிற சத்தம் அது.

புது பற்றரி, 8 ஜிபி கழட்டின ரேம் (டிடிஆர்4தான், ஒரு ஸ்லொட் காலியா இருந்துது, அதால இப்ப 12), எஸ்எஸ்டி. வின்டோஸ் 10ஐ அப்பிடியே கொப்பி பண்ணி ஏத்தித் தந்தார். எல்லாத்துக்கும் சேத்து, அந்தக் கடைப் பொடியன் சொன்ன விலையில ஐஞ்சில ஒரு பங்கும் வரேல்ல. 155 பஸ்ஸில மடியில வச்சுக்கொண்டு வந்தன்.

கணக்குப்பிள்ளை அக்கா சொன்ன மாதிரி இஎஸ்யூ எடுத்தாச்சு, ரெண்டு நிமிச வேலை. அக்கவுண்ட் பாஸ்வேர்டைத் தேடினதுதான் ஒரு மணித்தியாலம், பஞ்சாங்கத்துக்குப் பின் அட்டையில எழுதியிருந்துது, 2019 பஞ்சாங்கம்.

பிறகு பென் டிரைவில மின்ட். அப்பா ஒண்டும் சொல்லாமல் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். நான் ரெங்கநாதனைத் தெரிவு செஞ்சு விட்டன். முதல் அடிச்சது "தோடுடைய செவியன்". கையைப் பாக்கேல்ல, திரையையும் பாக்கேல்ல, ஜன்னலைப் பாத்துக்கொண்டு அடிக்கிறார், எப்பவும் அப்பிடித்தான். ஒண்டு ரெண்டு குறியில மட்டும் விரல் தடுக்கிச்சு. பிறகு அதைக் கொப்பி பண்ணி அம்மாட போனுக்கு வட்ஸ்அப்பில அனுப்பினன். அம்மா குசினிக்குள்ள இருந்து வாசிச்சுக்கொண்டு வந்தா. அப்பா எழும்பிப் போய் அந்தப் போனை வாங்கி வச்சுப் பாத்துக்கொண்டே நிண்டார். பதினைஞ்சு வருசமா அவர் அடிச்ச ஒரு வரியையும் போனில வாசிக்க ஏலாமல் இருந்துதே.

அச்சக ஐயாவோட கதைச்சம். இந்த முறை பேஜ்மேக்கர்தான், பாதியில நிண்ட மலரை அப்பா வின்டோசில போட்டு முடிக்கிறார். அடுத்த முறை பிடிஎஃப்பா தாருங்கோ, பேர்ப் பிழை வந்தா உங்களுக்கே கோல் எடுப்பன் எண்டிருக்கிறார்.

பென்குயின் பித்தன் | ஜனவரி 15, மாலை 5.31

ஜன்னலைப் பாத்துக்கொண்டு அடிச்சார் எண்ட இடத்தில நான் கதிரையில இருந்து எழும்பிட்டன் அண்ணை.

மருதானை மெக்கானிக் | ஜனவரி 15, மாலை 6.02

பொங்கல் வாழ்த்து. வாப்பாட்ட சொல்லுங்க எந்நேரமும் பிளக்ல வெக்க வேணாம்னு. வேலை முடிஞ்சா கழட்டோணும். அந்த நாலா மடிச்ச பேப்பரையும் எடுத்துடுங்க, காத்துப் போற ஓட்டைய மறைக்கும்.

சும்மா ஒருத்தன் | ஜனவரி 15, மாலை 6.40

சரி சரி. ஐஞ்சில ஒரு பங்குன்னா நான் வாய மூடிக்கிறேன். நானா, உங்க கடை எந்தப் பக்கம்? என்னோட டச்பேடும் கொஞ்ச நாளா இறுக்கமா இருக்கு.

மருதானை மெக்கானிக் | ஜனவரி 15, மாலை 6.43

உள்பெட்டியில அனுப்பியீக்கேன். இப்பவே ஓஃப் செய்யுங்க.

இராமகிருஷ்ணா றோட் காரன் | ஜனவரி 15, இரவு 8.27

புதுப் பிரச்சினை. அப்பாவுக்கு இப்ப பழைய ஃபைல் எல்லாம் யுனிகோடுக்கு மாத்த வேணுமாம். இருநூறுக்கு மேல மலர். ஒண்டை எடுத்து ஒன்லைன் கன்வேர்ட்டரில போட்டுப் பாத்தம், தமிழ் எல்லாம் சரி, ஆனா இடைக்கிடை இங்கிலிஷில இருந்த ஊர்ப் பேர், ஈமெயில் எல்லாத்தையும் அதுவும் பாமினி எண்டு நினைச்சுத் தமிழாக்கிப் போட்டுது, கனடா விலாசம் ஒண்டு மந்திரம் மாதிரிக் கிடக்கு. அதைத் திருத்தப் போய் அப்பா முழுக்க வாசிச்சிருக்கிறார், வாசிக்கேக்க 2013ல செய்த மலர் ஒண்டில செத்தவரின்ர தாயின்ர பேரில றகரம் ரகரமாப் போனதைக் கண்டுபிடிச்சிட்டார். இப்ப அந்த ஆக்களுக்கு கோல் எடுத்துச் சொல்ல வேணும் எண்டு நிக்கிறார். 13 வருசத்துக்குப் பிறகு. அம்மா ஏலாது எண்டு போனை ஒளிச்சு வச்சிட்டா.

மொத்தமா மாத்த, இங்கிலிஷைத் தொடாமல் மாத்த, வழி இருக்கோ?

பென்குயின் பித்தன் | ஜனவரி 15, இரவு 8.39

இருக்கு. வேர்ட் ஃபைலுக்குள்ள எந்தத் துண்டு எந்த எழுத்துருவில எண்டு எழுதியிருக்கும், பாமினி எண்டு இருக்கிற துண்டை மட்டும் எடுத்து மாத்துற மாதிரி ஒரு சின்ன பைதன் புரோகிராம் எழுதலாம், ஞாயிறு இருந்து எழுதித் தாறன். ஃபைல் எல்லாம் பழைய டொக் எண்டா முதல் லிப்ரே ஒபிசால டொக்எக்ஸ் ஆக்குங்கோ, மொத்தமா ஆக்கலாம். முதல் வேலை, எல்லாத்தையும் இன்னொரு டிஸ்க்கில கொப்பி எடுங்கோ, அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தொடாதேங்கோ.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 15, இரவு 8.50

அந்த கோலை எடுக்க விடுங்கோ. அந்த வீட்டு ஆக்கள் அண்டைக்கே கண்டிருப்பினம்.

இராமகிருஷ்ணா றோட் காரன் | ஜனவரி 15, இரவு 10.04

எடுத்திட்டார். கண்டவையாம். சொல்லக் கூச்சமா இருந்துது எண்டு விட்டவையாம். முக்கால் மணித்தியாலம் கதைச்சார், இப்ப அடுத்த மாசம் அவையளின்ர ஆட்டத்திவச மலர் ஒண்டும் பொறுப்பெடுத்திட்டார், பிடிஎஃப்பா.

ஞாயிறு எத்தினை மணிக்கு வரட்டும் பித்தன்?